"உங்களைப் பற்றிச் சொல்லுங்க": வேலைக்குத் தயாராகும் மாணவர்களுக்குப் பேச்சுப் பயிற்சியும் இணையத் தொகுப்பும்

நேர்காணல் அறையில் போய் உட்கார்ந்ததும் பெரும்பாலும் முதலில் வருகிற கேள்வி இதுதான்: "உங்களைப் பற்றிச் சொல்லுங்க." கேட்பதற்கு ரொம்பச் சுலபமான கேள்வி. ஆனால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட இங்கேதான் தடுமாறுகிறார்கள். பெயர், ஊர், அப்பா பார்க்கிற வேலை, வாங்கிய மதிப்பெண் எல்லாவற்றையும் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு, "அவ்வளவுதான் சார்" என்று நிறுத்திவிடுகிறார்கள். இதெல்லாம் எதிரே இருப்பவர் கையில் உள்ள பயோடேட்டாவிலேயே இருக்கிறது. அவர் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு: உங்களுக்கு என்ன செய்யத் தெரியும்?

இதற்குப் பதில் சொல்ல இரண்டு விஷயம் வேணும். செய்த வேலையைப் பிறருக்குப் புரியும்படி சொல்லத் தெரியணும். சொன்னதைக் காட்டவும் ஏதாவது கையில் இருக்கணும். முதலாவதுக்குப் பேச்சுப் பயிற்சி. இரண்டாவதுக்கு 'போர்ட்ஃபோலியோ' என்கிற இணையத் தொகுப்பு. இரண்டையும் சேர்த்தே தயார் செய்வதுதான் நல்லது. கையில் ஒரு ஸ்மார்ட்ஃபோன் இருந்தால் செலவில்லாமலே தொடங்கலாம்.

பயோடேட்டா வேறு, தொகுப்பு வேறு

பயோடேட்டா ஒரு பட்டியல். தொகுப்பு அதற்கான சான்று.

ஒரு பாலிடெக்னிக் மாணவரை நினைத்துக்கொள்ளுங்க. அவருடைய ஊரில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி நிரம்பி வழிந்து தண்ணீர் வீணாகிறது. தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற ஒரு சின்னக் கருவியை ப்ராஜெக்டாகச் செய்கிறார். பயோடேட்டாவில் இது ஒரே வரி. தொகுப்பில் சர்க்யூட் படம், கருவியின் மூன்று நான்கு புகைப்படம், அது வேலை செய்வதைக் காட்டும் ஒரு நிமிட வீடியோ, பாகங்களுக்கு ஆன செலவு எல்லாம் இருக்கும். அதோடு இப்படி ஒரு பத்தியும் இருக்கலாம்: "முதலில் தண்ணீருக்குள் உலோக முனைகளை வைத்தேன். கொஞ்ச நாளில் அவை அரித்துப்போய், மட்டத்தைத் தப்பாகக் காட்டியது. பிறகு மிதவை சுவிட்சுக்கு மாறினேன்."

வேலை கொடுப்பவர் நின்று படிக்கிற இடம் இந்தக் கடைசிப் பத்திதான். தப்பு எங்கே வந்தது, எப்படிச் சரி செய்தீர்கள் என்பதில்தான் உங்கள் திறமை தெரியும். அதனால் தோற்ற முயற்சியை மறைக்க வேண்டாம்.

எதையெல்லாம் சேர்க்கலாம்?

கம்ப்யூட்டர் படிப்பவர்களுக்கு மட்டும்தான் தொகுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

• வணிகவியல்: ஒரு கற்பனைக் கடைக்கு நீங்களே போட்ட ஒரு மாத வரவு செலவுக் கணக்கு, அதிலிருந்து தயாரித்த அறிக்கை. உண்மையான கடைக் கணக்கை உரிமையாளர் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது.
• ஐடிஐ ஃபிட்டர், வெல்டர்: செய்த பாகம், அதன் வரைபடம், அளவு சரிபார்த்த விதம்.
• தமிழ், ஆங்கில இலக்கியம்: எழுதிய கட்டுரை, செய்த மொழிபெயர்ப்பு, பிழை திருத்திய ஒரு பக்கத்தின் முன்னும் பின்னும்.
• தையல், ஆடை வடிவமைப்பு: பேட்டர்ன் வரைபடமும் தைத்து முடித்த ஆடையும்.
• நர்சிங்: சுகாதார விழிப்புணர்வுக்காகத் தயாரித்த சார்ட், பேசிய உரை. நோயாளியின் படமோ விவரமோ எக்காரணம் கொண்டும் கூடாது.

மொத்தம் மூன்று வேலை இருந்தால் போதும். பத்துச் சுமாரான வேலையைவிட மூன்று நல்ல வேலை மேல். கூட்டாகச் செய்த ப்ராஜெக்ட் என்றால், "நான்கு பேர் செய்தோம், சென்சார் பகுதி என்னுடையது" என்று தெளிவாக எழுதுங்க. காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்டை உங்களுடையது என்று போட்டால், நேர்காணலின் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

எங்கே வைப்பது?

ஃபோன் மட்டும்தான் இருக்கிறதா? கூகுள் டாக்ஸ் போதும். ஒரு வேலைக்கு ஒரு பக்கம் என்று எழுதி, படங்களைச் சேர்த்து, இணைப்பை எடுத்துக்கொள்ளுங்க. கம்ப்யூட்டர் கிடைத்தால் கூகுள் சைட்ஸில் இலவசமாகவே ஒரு சின்ன இணையதளம் அமைக்கலாம். புரோகிராம் எழுதுபவர்களுக்கு கிட்ஹப். வீடியோவை யூடியூபில் 'பட்டியலிடப்படாதது' என்ற அமைப்பில் ஏற்றினால், இணைப்பு வைத்திருப்பவர்கள் மட்டும் பார்ப்பார்கள். லிங்க்ட்இன் கணக்கு இருந்தால் இந்த இணைப்பை அங்கேயும் சேர்த்துவிடுங்க.

இங்கே பலர் செய்கிற ஒரு தவறு உண்டு. கூகுள் கோப்பை நீங்கள் திறந்தால் திறக்கும், வேலை கொடுப்பவர் திறந்தால் "அனுமதி கேளுங்கள்" என்று வரும். யாரும் அனுமதி கேட்டுக் காத்திருக்க மாட்டார்கள், அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்கள். பகிர்வு அமைப்பில் 'இணைப்பு உள்ள எவரும்', 'பார்வையாளர்' என்று மாற்றுங்க. பிறகு அந்த இணைப்பை நண்பரின் ஃபோனில் திறந்து பாருங்க. திறந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம்.

எதைப் போடக் கூடாது?

தொகுப்பு ஊரே பார்க்கிற இடம். ஆதார் எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி, வங்கி விவரம், மதிப்பெண் சான்றிதழின் படம் எதுவும் அதில் வேண்டாம். தொடர்புக்கு என்று தனியாக ஒரு மின்னஞ்சல் மட்டும் கொடுங்க. முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும், விளையாட்டாக வைத்த பெயரெல்லாம் வேலைக்கு ஆகாது.

சான்றிதழ்களுக்கு டிஜிலாக்கர் இருக்கிறது. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை அதில் பெறலாம். சான்றிதழ் வழங்கிய துறையிடமிருந்தே டிஜிலாக்கருக்கு வரும் ஆவணங்கள் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அசலுக்குச் சமம். நாமே ஸ்கேன் பண்ணி ஏற்றிய படத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. நிறுவனம் கேட்கும்போது மட்டும் காட்டினால் போதும்.

இரண்டு நிமிடப் பேச்சு

இப்போது பேச்சுக்கு வருவோம். தொகுப்பில் உள்ள மூன்று வேலைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்க:

1. பிரச்சினை என்ன, யாருக்கு?
2. நான் என்ன செய்தேன்?
3. எங்கே தப்பு வந்தது, எப்படிச் சரி செய்தேன்?
4. இப்போது நிலைமை என்ன, இதில் நான் கற்றது என்ன?

இதுதான் உங்கள் இரண்டு நிமிடப் பேச்சு. முதலில் தமிழில், வீட்டில் பேசுகிற மாதிரியே சொல்லிப் பாருங்க. விஷயம் தமிழில் தெளிவாக வந்துவிட்டால் ஆங்கிலத்தில் சொல்வது பாதி முடிந்த மாதிரி. தமிழிலேயே குழம்புகிற விஷயத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தால், நடுவில் ஒரு சொல் மறந்தாலும் மொத்தமும் நின்றுவிடும். அதனால் வரிகளை மனப்பாடம் பண்ணாதீங்க, வரிசையை மட்டும் நினைவில் வையுங்க.

அடுத்து, ஃபோனில் குரல் பதிவு செய்து கேளுங்க. முதல் தடவை உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது. அது எல்லாருக்கும் அப்படித்தான். "வந்து", "ஆக்சுவலி" எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்க. அந்த இடத்தில் எல்லாம் ஒரு நொடி சும்மா நிறுத்திப் பழகுங்க. ஐந்தாவது பதிவில் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

பிறகு உங்கள் துறை தெரியாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்க. அம்மா, தாத்தா, பக்கத்து வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் சரி. அவர்களுக்குப் புரிந்தால் எச்ஆர் அதிகாரிக்கும் புரியும்.

பேசிப் பழக இடம் எங்கே?

மேடை தேடி எங்கேயும் போக வேண்டாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 18 வயது நிறைந்து, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் அதன் உறுப்பினர்தான். தொட்டிக் கருவி செய்த அந்த மாணவர், உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று ஊர் முன்னால் எழுந்து இரண்டு நிமிடம் பேசலாம். அங்கே வருகிற கேள்விகள் நேர்காணலைவிடக் கடுமையாகவே இருக்கும். "கரண்ட் போனா என்ன ஆகும் தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டால், அதற்கான பதிலும் தொகுப்பில் ஒரு புதிய பத்தி ஆகிவிடும்.

மாணவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு, தமிழ் வளர்ச்சித் துறை பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மாவட்ட அளவில் நடத்தும் பேச்சுப் போட்டிகள். அறிவிப்பு உங்கள் கல்லூரிக்கு வரும், கேட்டு வையுங்க.

2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டத்தில் துறை சார்ந்த திறன் பயிற்சியோடு ஆங்கிலத் தொடர்புத் திறன் பயிற்சியும் தரப்படுகிறது. அதில் செய்கிற ப்ராஜெக்டைச் சான்றிதழோடு விட்டுவிடாமல் தொகுப்பில் ஏற்றிவிடுங்க. வேலை தேடும்போது தமிழ்நாடு தனியார்துறை வேலை இணையத்தில் கட்டணமில்லாமல் பதிவு செய்யலாம். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் வழிகாட்டுதலும் கிடைக்கும், தனியார் வேலைவாய்ப்பு முகாம் பற்றிய தகவலும் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை

இணையத்தில் உங்கள் தொகுப்பு இருந்தால் நல்லவர்களும் பார்ப்பார்கள், ஏமாற்றுக்காரர்களும் பார்ப்பார்கள். "உங்க ப்ராஜெக்ட் பிடிச்சிருக்கு, வேலை உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்க" என்று யாராவது சொன்னால் அனுப்பாதீங்க. ஓடிபி கேட்டாலும் சொல்லாதீங்க. பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு அதிகம்.

இந்த வாரமே தொடங்க

• முதல் நாள்: செய்த வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்க. படம் எடுங்க.
• இரண்டாம், மூன்றாம் நாள்: நான்கு கேள்விக்கும் பதில் எழுதி, படங்களைச் சேருங்க.
• நான்காம் நாள்: பகிர்வு அமைப்பை மாற்றி, நண்பரின் ஃபோனில் சோதியுங்க.
• ஐந்தாம், ஆறாம் நாள்: குரல் பதிவு செய்து கேளுங்க.
• ஏழாம் நாள்: வீட்டில் உள்ளவர்களை உட்கார வைத்துப் பேசுங்க.

வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிற மாணவருக்குச் சிபாரிசு செய்ய ஆள் இருக்காது. நேர்காணலுக்கு எப்படிப் போகணும் என்று சொல்லிக்கொடுக்கவும் பெரும்பாலும் ஆள் இருக்காது. ஆனால் தான் செய்த வேலை இருக்கிறது. அதை எடுத்துக் காட்டவும், நாலு பேர் முன்னால் சொல்லவும் பழகிவிட்டால், அடுத்த முறை "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்கும்போது "அவ்வளவுதான் சார்" என்று நிறுத்த வேண்டியிருக்காது.