ஈரலின் பொறுமை

1969-இல் கேம்பிரிட்ஜ் அறுவை மருத்துவர் ராய் கால்ன் பன்றிகளுக்குக் கல்லீரல் மாற்றிவைத்த முடிவுகளை வெளியிட்டார். மருந்து கொடுத்து அடக்காவிட்டால் அந்நிய உறுப்பை உடம்பு சில நாளிலேயே அழித்துவிடும் என்பதுதான் பொது விதி. ஆனால் பல பன்றிகள், மருந்தே இல்லாமல் வேற்றுப் பன்றியின் ஈரலை ஏற்றுக்கொண்டன!

ஈரலின் வேலை அப்படி. நாம் தின்ற இட்லியின் சத்து, குடல் கிருமிகளின் கழிவு எல்லாம் போர்ட்டல் சிரை வழியாக முதலில் அங்கேதான் வந்து இறங்குகின்றன. வருகிற ஒவ்வொன்றோடும் மல்லுக்கு நின்றால் ஈரல் பிழைக்காது. பொறுத்துப்போகப் பழகிய உறுப்பு அது. புற்றுநோய்க்கு அதுவே வசதியாகிவிடுகிறது.

ஈரலில் முளைத்த கட்டியிலிருந்து உதிரும் புற்றுசெல்கள் ரத்தத்தோடு இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலின் தந்துகிகளில், டீ வடிகட்டியில் தூள் நிற்பதுபோல் சிக்கிக்கொள்கின்றன. அவை அங்கே வளர்ந்ததும் சிடி ஸ்கேனில் மிளகளவு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். இந்தக் கட்டத்தில் கத்திக்குப் பெரும்பாலும் வேலையில்லை. 2007-இல் ஈரல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற சொராஃபெனிப் மாத்திரையும் ஏறக்குறைய மூன்று மாத ஆயுளைத்தான் கூட்டித் தந்தது.

நம் உடம்பின் காவல் படையான டி-செல்களுக்கு பிடி-1 என்றொரு பிரேக் உண்டு. ஜப்பானின் தசுகு ஹோஞ்சோ குழு 1992-இல் கண்டுபிடித்தது. கட்டி அந்த பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடியை விடுவிப்பது அட்டிசோலிசுமாப். கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைக்காமல் தடுப்பது பெவாசிசுமாப். இரண்டையும் மூன்று வாரத்துக்கொருமுறை சிரையில் ஏற்றினார்கள். 501 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2020-இல் வந்தது: ஓராண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள், ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 67 பேர், சொராஃபெனிப் மாத்திரை சாப்பிட்டவர்களில் 55 பேர். ஆனால் ஊசி போட்டவர்களிலும் கட்டி நன்றாகச் சுருங்கியது ஏறக்குறையப் பத்தில் மூன்று பேருக்குத்தான்.

எனக்கு இதைவிடச் சுவையாகப் பட்டது, பிரேக்கை விடுவிக்கும் இவ்வகை மருந்துகளைப் பற்றித் தைவான் மருத்துவர்கள் 2019-இல் எழுதியது. ஈரலில் இருந்த கட்டிகளைவிட, அதிலிருந்து பரவிய நுரையீரல் கட்டிகளே அதிகமாகச் சுருங்கினவாம். பிறந்த வீட்டில் கிடைத்த செல்லம் புகுந்த வீட்டில் கிடைக்கவில்லை போலும்.

பிரேக்கை விட்டால் வண்டி எங்கேயும் மோதலாம். தூண்டப்பட்ட டி-செல்கள் நல்ல நுரையீரலையே தாக்கி அழற்சி உண்டாக்குவதுண்டு. நோயாளி வறட்டு இருமலோடும் மூச்சுத்திணறலோடும் வந்தால், அது நோயின் வேலையா மருந்தின் வேலையா என்று ஸ்கேனை வைத்துக்கொண்டு மருத்துவர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். மருந்தின் வேலைதான் என்றால், ஊசியை நிறுத்திவிட்டு ஸ்டீராய்டு கொடுப்பார். தட்டி எழுப்பிய டி-செல்களை மறுபடி தூங்கவைக்கும் மருந்து அது.