கணப்படுப்பு மரத்தில் ஒரு மின்கிதார்

ஞாயிறு திருப்பலியில் பாடற்குழுவினர் மீட்டும் கிதாரை நாம் எல்லோரும் அறிவோம். அதன் உடல் ஒரு வெற்றுப் பெட்டி. கம்பியின் அதிர்வைப் பெரிதாக்குவது அந்தப் பெட்டி. மின்கிதார் அப்படிப்பட்டதன்று. ஒலிபெருக்கியோடு இணைக்காமல் மீட்டினால் பக்கத்து அறைக்குக் கூடக் கேட்காது. அப்படியானால் ஓசை எங்கிருந்து வருகிறது?

பள்ளி இயற்பியல் பாடத்திலேயே விடை இருக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் அது. உருக்குக் கம்பிகளுக்கு அடியில் சிறு காந்தங்களை வைத்து, அவற்றைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். இதற்குப் பிக்கப் என்று பெயர். கம்பி அதிரும்போது சுருளினூடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதைப் பெருக்கி ஓசையாக்குகிறது. நைலான் கம்பி கட்டினால் மின்கிதார் ஊமையாகிவிடும்!

இத்தகைய கருவியை வீட்டில் செய்ய முடியுமா? முடியும் என்று காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரையன் மே. அவருக்கு வயது 16. கடையில் இருந்த நல்ல மின்கிதார்களின் விலை குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. தந்தை ஹெரால்டு மின்னணுத் துறையில் பணியாற்றியவர், கைத்திறன் மிக்கவர். 1963 ஆகஸ்டில் இருவரும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். முடிக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

பொருள்களின் பட்டியலைக் கேட்டால் சிரிப்பு வரும். கழுத்துப் பகுதி, யாரோ கழித்துப் போட்ட பழைய கணப்படுப்பின் மகாகனிச் சட்டம். அதில் பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள். உடலின் நடுப்பகுதி பழைய மேசையின் ஓக் மரம். கம்பிகளின் இழுவிசையைச் சமன் செய்தவை ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்வில்கள். விரல் பலகையில் பதித்த வெண்புள்ளிகள் அம்மாவின் முத்துச்சிப்பிப் பித்தான்கள். சுருதியை அசைக்கும் கைப்பிடியின் முனை அம்மாவின் பின்னல் ஊசியிலிருந்து வந்தது. எல்லோரும் தந்தையையும் மகனையும் பற்றியே பேசுகிறார்கள். அம்மாவின் தையற்பெட்டியைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

மிகக் கடினமான வேலை மெட்டுகளைப் பதிப்பது. நம் வீணையில் 24 மெட்டுகள். இந்தக் கிதாரிலும் 24. வீணையில் மெழுகின் மேல் மெட்டை வைத்துச் சுருதி பார்த்துச் சரிசெய்யலாம். கிதாரிலோ மரத்தை அறுத்துவிட்டால் அறுத்ததுதான். ஆகவே கணக்கு வேண்டும். கம்பியின் அதிரும் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் கிடைக்கும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுக்க வேண்டும். பிரையனின் கிதாரில் நீளம் 24 அங்குலம். முதல் மெட்டு சுமார் 34.2 மில்லிமீட்டரில் வரும். பன்னிரண்டாவது மெட்டு சரியாகப் பாதியில், 12 அங்குலத்தில் நிற்கும். அங்கே சுருதி ஒரு ஸ்தாயி உயரும். கணக்கு வகுப்பில் 'இது எதற்கு?' என்று கேட்கும் தோழியர் கவனிக்கவும்.

கழுத்தின் உள்ளே ஓர் இரும்புத் தண்டும் தேவை. ஆறு கம்பிகளும் சேர்ந்து சாதாரணமாக 30 கிலோவுக்கு மேற்பட்ட எடையின் விசையோடு இழுக்கும். தண்டு இல்லாவிட்டால் மரம் வில்லாக வளைந்துவிடும்.

பிக்கப்புகளையும் பிரையன் முதலில் தாமே சுற்றினார். கம்பியைப் பக்கவாட்டில் வளைக்கும்போது அவற்றில் விரும்பத்தகாத ஓசை எழுந்தது. எனவே பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்புகள் மூன்றை வாங்கினார். அவற்றின் சுருள்கள் தாமே அதிர்ந்து கீச்சிடாமல் இருக்க அரால்டைட் பசையை ஊற்றி இறுக்கினார். நம் வீடுகளில் உடைந்த சாமான் ஒட்டும் அதே அரால்டைட்தான்!

கடைசியாக மேற்பூச்சு. உடலின் மேல் மெல்லிய மகாகனித் தகட்டை ஒட்டி, தெளிந்த பிளாஸ்டிக் பூச்சைப் பல தடவை பூசினார்கள். எந்தக் கருவிக்கும் இந்த நிலையில் பொறுமைதான் முதல் தேவை. ஒரு பூச்சு நன்கு காய்ந்த பிறகு நைசான உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, அடுத்ததைப் பூச வேண்டும். ஈரம் காயும் முன் தொட்டால் விரல் ரேகை நிலைத்துவிடும். மரத்தின் செந்நிறம் உள்ளிருந்து ஒளிர்ந்தது. அதனால் அதற்கு 'ரெட் ஸ்பெஷல்' என்று பெயர் வந்தது. மொத்தச் செலவு ஏறத்தாழ 8 பவுன் என்பார்கள்.

பின்னர் பிரையன் வானியல் ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு 'குவீன்' இசைக் குழுவோடு போனபோது, கிதாரைச் செய்து கொடுத்த அதே தந்தைதான் வருந்தினார். 2002 ஜூன் 3-ஆம் நாள் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையில் நின்று பிரையன் நாட்டுப்பண் இசைத்தது இந்தக் கருவியில்தான். 2007-இல் ஆராய்ச்சியை முடித்து முனைவர் பட்டமும் பெற்றார். அதைக் காண ஹெரால்டு உயிரோடு இல்லை.