ஆள்தேடும் தளங்களும் தனிநபர் தகவல் பாதுகாப்பும்

ஆள்தேடும் தளங்கள் என்பவை ஒருவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்ற விவரங்களைப் பல இடங்களிலிருந்து திரட்டி, தேடுவோருக்குக் காட்டும் இணையதளங்களும் செயலிகளும் ஆகும். அமெரிக்காவில் இது தனித் தொழிலாகவே நடக்கிறது. இந்தியாவில் அதே வேலையை அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிகள், வணிகக் கையேடுகள், பொதுப் பதிவேடுகள் ஆகியவை பகுதி பகுதியாகச் செய்கின்றன.

தகவல் வெளியாகும் வழிகள்

வாக்காளர் பட்டியல்: இதில் வாக்காளரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, பாலினம், வீட்டு எண் ஆகியவை உள்ளன. இராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல், பரமத்தி-வேலூர், திருச்செங்கோடு, குமாரபாளையம் என நாமக்கல் மாவட்டத்தின் ஆறு தொகுதிப் பட்டியல்களையும் எவரும் இணையத்தில் பதிவிறக்கலாம். தகவல்களை மொத்தமாகத் திரட்டுவதைக் கடினமாக்க, இவை சொல் தேட இயலாத பட வடிவில் தரப்படுகின்றன. தேடத்தக்க வடிவில் தரக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தள்ளுபடி செய்தது.

வாகனப் பதிவேடு: லாரித் தொழில் நிறைந்த நாமக்கல்லுக்கு இது முக்கியமானது. வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தரவுகளை மொத்தமாக விற்கும் கொள்கையை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2019இல் வெளியிட்டது. தனியுரிமைக் கவலைகள் எழுந்ததால் 2020இல் கைவிட்டது.

செயலிகளும் கையேடுகளும்: ட்ரூகாலரில் கணக்கு இல்லாதவரின் எண்ணும் பெயரும்கூட அதில் காணப்படலாம். தொழிலுக்கும் வீட்டுக்கும் ஒரே எண்ணை வைத்திருப்பவர் அதை வணிகக் கையேட்டில் கொடுத்தால், வீட்டு எண்ணும் பொதுவெளிக்கு வந்துவிடுகிறது.

நீக்கும் முறை

1. தன் பெயரையும் எண்ணையும் மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடி, எங்கெல்லாம் உள்ளன என்று பட்டியலிட வேண்டும்.
2. ட்ரூகாலரில் கணக்கு இருந்தால் முதலில் அதை முடக்கி, பின்னர் அதன் இணையதளத்தில் எண்ணை நீக்கக் கோரலாம்.
3. வணிகக் கையேடுகளில் பதிவைத் திருத்தவோ நீக்கவோ அந்தந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.
4. தொலைபேசி எண், வீட்டு முகவரி காட்டும் தேடல் முடிவுகளை நீக்கக் கூகுளிடம் விண்ணப்பிக்கலாம். முடிவு மறைந்தாலும் மூலப் பக்கம் அப்படியே இருக்கும் என்பதால், அத்தளத்திடமும் கேட்பது அவசியம்.

சட்ட நிலை

தனியுரிமை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையைத் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இவ்வுரிமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும்.

ஆனால் ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கும், சட்டப்படி பொதுவில் வைக்கப்பட்ட தகவலுக்கும் இச்சட்டம் பொருந்தாது. முகநூலில் எல்லோரும் பார்க்கும்படி தாமே இட்ட கைபேசி எண்ணுக்கு இதன் பாதுகாப்பு கிடைக்காது. எனவே வெளியான பின் நீக்க முயல்வதைவிட, வெளியிடும் முன் யோசிப்பதே உறுதியான பாதுகாப்பாகும்.