சுழலும் மரத்தில் நேரான துளை

கையில் பிடித்து ஓட்டும் டிரில் இயந்திரத்தில் பிட் சுழலும், மரம் அசையாமல் கிடக்கும். கடைசல் இயந்திரத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே மரம் சுழலும். பிட் தன் இடத்தில் திரும்பாமல் நின்று, முன்னோக்கி மட்டும் நகரும். மேசை விளக்கின் தண்டு, மிளகு அரைக்கும் குடுவை, மரப் பேனா, நாதசுரத்தின் உடல் என நடுவில் துளை வேண்டிய பொருள்களைக் கடைசல் இயந்திரத்திலேயே துளையிடுவதற்குக் காரணம் இந்த மாற்றம்தான். துளை நேராக அமைவதும் இதனால்தான்; பிட்டை வெளியே எடுக்கும்போது ஆபத்து வருவதும் இதனால்தான்.

மரம் எல்லா இடத்திலும் ஒரே கெட்டியாக இருப்பதில்லை. தேக்கு போன்ற மரங்களில் ஒவ்வோர் ஆண்டு வளையத்துக்குள்ளும் மென்மையான பகுதியும் கெட்டியான பகுதியும் அடுத்தடுத்து வரும். மரம் அசையாமல் இருந்து பிட் சுழன்றால், கெட்டியான பட்டை துளைக்கு ஒரே பக்கத்தில்தான் இருக்கும். அது பிட்டை மென்மையான பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆழம் கூடக்கூட விலகலும் கூடும். சுழலும் மரத்தில் நிலைமை வேறு. அதே கெட்டிப் பட்டை அரைச் சுற்றில் பிட்டை ஒரு பக்கம் தள்ளும், அடுத்த அரைச் சுற்றில் மறுபக்கம் தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், பிட் சுழற்சி அச்சை விட்டு அதிகம் விலகுவதில்லை.

பீரங்கி செய்தவர்கள் இதை 18ஆம் நூற்றாண்டிலேயே பயன்படுத்திக்கொண்டார்கள். அதற்கு முன்பு பீரங்கியை நடுவில் ஒரு களிமண் கருவை வைத்து வார்ப்பதே வழக்கம். கரு சற்று நகர்ந்தாலும் குழல் கோணலாகிவிடும். பிறகு பீரங்கியைக் கெட்டியாக வார்த்து, அதையே படுக்கைவாட்டில் சுழற்றி, சுழலாத துளைக்கருவியை உள்ளே செலுத்தும் முறை வந்தது. 1770இல் இங்கிலாந்தின் வூல்விச் ஆயுதச் சாலைக்கு வந்த டச்சு வார்ப்பாளர் யான் வெர்ப்ருகன் அங்கே இம்முறையை நிலைநிறுத்தினார். இத்தகைய பீரங்கிப் பட்டறை ஒன்றிலிருந்து இயற்பியலுக்கும் ஒரு பெரிய உண்மை கிடைத்தது. பவேரியாவின் மியூனிக் ஆயுதச் சாலையில் துளையிடும் வேலையை மேற்பார்வையிட்ட கவுன்ட் ரம்ஃபோர்ட், மழுங்கிய கருவியைத் தண்ணீருக்குள் வைத்து, குதிரைகளைக் கொண்டு பீரங்கியைச் சுழற்றினார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. உரசல் நீடிக்கும் வரை வெப்பமும் தீராமல் வந்துகொண்டே இருந்தது. வெப்பம் என்பது ஒரு பொருள் அல்ல, இயக்கத்தின் ஒரு வடிவம் என்று 1798இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் முன்வைத்த வாதத்துக்கு இதுவே அடிப்படை. மரத்தில் துளையிடும்போது எழும் புகை நாற்றத்துக்கும் காரணம் இதே உரசல்தான்.

கடைசல் இயந்திரத்தின் இடப்பக்கம் இருக்கும் ஹெட்ஸ்டாக்கில் மரத்தைப் பிடிக்கும் சக் இருக்கிறது. வலப்பக்கம் டெயில்ஸ்டாக். அதன் கைச்சக்கரத்தைச் சுற்றினால் உள்ளிருந்து ஓர் உருளைத் தண்டு முன்னே நீளும். தண்டின் வாயில், பிட்டைப் பிடிக்கும் டிரில் சக்கைப் பொருத்துவார்கள். இந்தப் பொருத்தத்தில் திருகும் இல்லை, பூட்டும் இல்லை. மெல்லக் குறுகிச் செல்லும் ஓர் எஃகுக் கூம்பு, அதே அளவில் கடைந்த குழிக்குள் இறுகி நிற்கிறது, அவ்வளவே. முறுக்குப் பள்ளம் கொண்ட டிரில் பிட்டுக்கு 1863இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் ஸ்டீபன் மோர்ஸின் பெயரால் இதை மோர்ஸ் டேப்பர் என்கிறார்கள். 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் விட்டம் குறையும். அச்சிலிருந்து பார்த்தால் சாய்வு ஒன்றரை டிகிரிகூட இல்லை. எஃகின் மேல் எஃகு வழுக்குவதற்கு இதைப் போல் பல மடங்கு சாய்வு வேண்டும். அதனால் ஒருமுறை அழுத்திப் பொருத்திவிட்டால் கூம்பு தானாக நழுவாது. ஒரு நிபந்தனை உண்டு. கூம்பும் குழியும் சுத்தமாக இருக்க வேண்டும். இடையில் சிறிது மரத்தூள் சிக்கினாலும் கூம்பு சாய்ந்து உட்காரும், பிடியும் தளரும். ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்துப் பொருத்துவது வீண்வேலை அல்ல.

துளையின் துல்லியம் பிட் மரத்தைத் தொடுவதற்கு முன்பே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. முதலில் ஹெட்ஸ்டாக்கிலும் டெயில்ஸ்டாக்கிலும் தலா ஒரு கூர்முனையைப் பொருத்தி, இரண்டு முனைகளும் நேருக்கு நேர் தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். டெயில்ஸ்டாக் கால் மில்லிமீட்டர் விலகியிருந்தாலும், சுழலும் மரத்தில் துளையின் வாய் அரை மில்லிமீட்டர் வரை அகன்றுவிடக்கூடும். அடுத்து, மரத்தின் முகத்தை உளியால் சமமாகக் கடைந்து, சரியான நடுவில் உளி நுனியால் ஒரு சிறு குழி எடுக்க வேண்டும். சமமில்லாத முகத்தில் பிட்டின் நுனி வழுக்கி, அச்சைச் சுற்றி வட்டமிடத் தொடங்கும். அப்படித் தொடங்கிய துளையைப் பிறகு திருத்துவது கடினம். முதல் பிட் கட்டையாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். ஒரு முனையில் பிடித்த தண்டின் நீளம் இரண்டு மடங்கானால், அதே விசைக்கு அது வளையும் அளவு எட்டு மடங்காகும். குட்டைப் பிட் நேராக வெட்டித் தந்த முதல் சில சென்டிமீட்டர் துளையே, பின்னால் வரும் நீளமான பிட்டுக்கு வழிகாட்டி.

எந்தப் பிட் என்பதும் முக்கியம். கடைசலில் துளை பெரும்பாலும் மரத்தின் நார் ஓடும் திசையிலேயே போகிறது. பிட் நார்களின் வெட்டுமுகத்தைத்தான் எதிர்கொள்கிறது. பலகையின் முகத்தில் துளையிடுவதை விட இது கடினம். சாதாரண முறுக்குப் பிட்டின் நடு விளிம்பில் வெட்டும் வேகம் பூஜ்யம். அது வெட்டுவதில்லை, நசுக்குகிறது. அதனால்தான் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. பெரிய துளைகளுக்கு ஃபோர்ஸ்ட்னர் பிட் சிறந்தது. அமெரிக்காவின் ஓரிகனில் துப்பாக்கி செய்துவந்த பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் 1874இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நடு முனையை நம்பாமல் தன் வட்ட விளிம்பாலேயே வழி பிடித்துப் போகும் இந்தப் பிட், அடிப்பாகம் தட்டையான, சுவர் வழுவழுப்பான துளையைத் தரும். நுனியில் திருகு உள்ள பிட்டைக் கடைசலில் பயன்படுத்தவே கூடாது. சுழலும் மரம் அந்தத் திருகைப் பற்றி இழுக்கும். பிட் எவ்வளவு வேகமாக உள்ளே போக வேண்டும் என்பது கைச்சக்கரத்தைப் பிடித்தவரின் கட்டுப்பாட்டில் இருக்காது. வேறு பிட் இல்லையென்றால் திருகின் புரிகளை அரத்தால் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

வேகத்தை முடிவு செய்ய வேண்டியது துளையின் விட்டம். 10 மில்லிமீட்டர் பிட்டும் நிமிடத்துக்கு 1000 சுற்றும் என்றால், பிட்டின் வெளி விளிம்பை நிமிடத்துக்கு 31 மீட்டர் மரம் கடந்து போகிறது. அதே சுற்றில் 50 மில்லிமீட்டர் பிட் என்றால் 157 மீட்டர். பெரிய ஃபோர்ஸ்ட்னர் பிட்டுக்கு 500 சுற்றுக்குள், கெட்டி மரமானால் இன்னும் குறைவாக வைப்பது இதனால்தான். மரம் வெப்பத்தைக் கடத்துவதில் எஃகை விடப் பல நூறு மடங்கு மந்தம். உரசலில் பிறக்கும் வெப்பம் மரத்தின் வழியே வெளியேற முடியாமல் பிட்டிலேயே தங்குகிறது. பிட்டின் முனை கறுக்கும், கார்பன் எஃகானால் கடினத்தன்மையை இழக்கும், துளையின் சுவர் கருகும். திடீரெனக் காய்ந்த சுவரிலிருந்து நுண்ணிய வெடிப்புகளும் கிளம்பலாம். புகை வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், பிட்டைத் தீட்ட வேண்டும். அழுத்தத்தைக் குறைப்பது மட்டும் தீர்வாகாது. மிக மெதுவாகச் செலுத்தினால் பிட் வெட்டாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும், வெப்பம் கூடத்தான் செய்யும்.

வெட்டிய தூள் வெளியேறியாக வேண்டும். துளையின் ஆழம் விட்டத்தைப் போல மூன்று நான்கு மடங்கைத் தாண்டியதும் முறுக்குப் பள்ளத்தில் தூள் அடைபடத் தொடங்கும். ஃபோர்ஸ்ட்னர் பிட்டுக்கு அந்தப் பள்ளமும் கிடையாது. ஒரு சென்டிமீட்டருக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்துத் தூளைத் தட்ட வேண்டும். அடைபட்ட தூள் வெப்பத்தில் இறுகி, பிட்டை மரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

இந்த இடத்தில்தான் கவனம் முழுவதும் வேண்டும். உள்ளே செலுத்தும்போது எல்லா விசையும் ஒரே பக்கம் அழுத்துகிறது. மரம் சக்குக்குள் இன்னும் இறுகுகிறது, டிரில் சக்கின் கூம்பு அதன் குழிக்குள் இன்னும் இறுகுகிறது. வெளியே இழுக்கும்போது விசை திரும்பிவிடுகிறது. தூளில் சிக்கிய பிட் வர மறுத்தால், கைச்சக்கரத்தின் இழுப்பு கூம்பைக் குழியிலிருந்து பிடுங்கும். பிடி விட்ட கணமே டிரில் சக் முழுவதும் மரத்தோடு சேர்ந்து சுழலும். சில நூறு கிராம் எடையுள்ள அந்த எஃகுத் துண்டு, தாங்க ஏதுமின்றி ஒரு பிட்டின் முனையில் ஆடிச் சுழலும்போது பிட் வளையும், மரம் பிளக்கும், சக் எந்தத் திசையிலும் பறக்கும்.

இதைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. பிட் துளைக்குள் இருக்கையில் டெயில்ஸ்டாக்கின் பூட்டைத் தளர்த்தி மொத்தமாகப் பின்னே இழுப்பது வேகமான வழியாகத் தோன்றும். மரம் சுழலும்போது அதைச் செய்யவே கூடாது. கைச்சக்கரத்தைச் சுற்றி மெதுவாக, சற்றே சற்றே பின்னெடுக்க வேண்டும். பிட் இறுகுவதாகப் பட்டால் இயந்திரத்தை நிறுத்தி, மரத்தைக் கையால் பின்பக்கமாகத் திருப்பி விடுவிக்க வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பெரும்பாலான கடைசல் இயந்திரங்களில் தண்டை முழுவதுமாக உள்ளே இழுத்தால், உள்ளிருக்கும் திருகின் முனை கூம்பைத் தட்டி வெளியே தள்ளிவிடும். டிரில் சக்கைக் கழற்றுவதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். துளையிடும் நேரத்தில் அது நடந்தால் விபத்து. ஆகவே தொடங்கும்போதே தண்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, அந்த அளவுக்கு உள்ளே அதைப் போகவிடாமல் வேலை செய்ய வேண்டும். தண்டு முழுக்கத் துளையுள்ள டெயில்ஸ்டாக்கானால், பின்பக்கத்திலிருந்து ஒரு நீண்ட திருகுத் தண்டைச் செலுத்தி டிரில் சக்கை இழுத்துக் கட்டலாம். அடிக்கடி பெரிய துளை போடுகிறவர்களுக்கு அதுவே உறுதியான பாதுகாப்பு.

சக்கை முறுக்கிய சாவியை உடனே எடுத்துவிட வேண்டும். முகத்தை முழுவதும் மறைக்கும் கவசம் வேண்டும். கையுறை, தொங்கும் சட்டைக் கை, தோளில் கிடக்கும் துண்டு, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றில் ஒன்று மாட்டினாலும் சுழலும் மரம் ஆளையே இழுத்துக்கொள்ளும். துளைக்குள் இருக்கும் தூளை மரம் சுழலும்போது விரலால் எடுக்கக் கூடாது.

மறுமுனையில் பிட் வெளிப்படும்போது கடைசி மெல்லிய அடுக்கு சிதறிப் பிய்ந்துபோவது இன்னொரு தொல்லை. பேனாவுக்கான சிறு கட்டைகளில், குறிப்பாக 7 மில்லிமீட்டர் துளையும் மெல்லிய சுவரும் உள்ளவற்றில் இது அடிக்கடி நேரும். கட்டையைத் தேவையை விட ஒரு சென்டிமீட்டர் நீளமாக வைத்துக்கொண்டு, பிட் வெளிவருவதற்கு முன்பே நிறுத்தி, மிச்சத்தை அறுத்தெடுத்தால் துளையின் வாய் சுத்தமாகக் கிடைக்கும்.

நீளமான துளைகளுக்கு முறையே வேறு. விளக்குத் தண்டில் மின்கம்பி போவதற்கான 8 மில்லிமீட்டர் துளையை, பாதி உருளை வடிவ நீளத் துளைக்கருவியால் டெயில்ஸ்டாக்கின் உட்துளை வழியாகச் செலுத்துவார்கள். பாதி நீளம் வரை ஒரு பக்கம் துளைத்து, கட்டையைத் திருப்பி மாட்டி, மறுபாதியை எதிர்ப்பக்கத்திலிருந்து துளைப்பார்கள். சுழற்சி அச்சு இரண்டு முறையும் ஒன்றாக இருப்பதால் துளைகள் நடுவில் சந்திக்கும். நாதசுரத்தில் இதைவிடக் கடினமான வேலை இருக்கிறது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் செய்யும் நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குழலின் உள்துளை மேலே குறுகி, கீழே போகப்போக விரியும் கூம்பு. இத்தகைய கூம்புத் துளையை ஒரே பிட்டால் போட முடியாது. முதலில் ஊடுருவும் ஒரு நேர்த்துளை, பிறகு படிப்படியாக அகலப்படுத்தும் கருவிகள். முதல் துளை அச்சை விட்டு விலகினால் பின்னால் வரும் ஒவ்வொன்றும் அந்தப் பிழையையே பெரிதாக்கும். சுவர் ஒரு பக்கம் மெலிந்து, மறுபக்கம் தடித்துப்போகும்.

நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளிலிருந்து எடுத்த ஆச்சா மரத்தையே தேடி வாங்குவதற்கும் துளையோடு தொடர்பு உண்டு. மரம் உலரும்போது வளையத்தின் வட்டப்போக்கில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. குறைவாகச் சுருங்கும் தேக்கிலும் பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்போது முதலாவது 5.8 சதவீதம், இரண்டாவது 2.5 சதவீதம். பச்சைத் தேக்கில் போட்ட 40 மில்லிமீட்டர் வட்டத் துளை உலர்ந்தபின் ஒரு பக்கம் 39, மறுபக்கம் 37.7 என்று முட்டை வடிவமாகிவிடும். பல்லாண்டுகள் உத்தரமாக இருந்து உலர்ந்த மரத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அப்படிப்பட்ட மரம் கிடைக்காதவர்கள் முதலில் அளவு குறைத்துத் துளையிட்டு, சில மாதம் நிழலில் வைத்திருந்து, மீண்டும் சக்கில் ஏற்றுகிறார்கள். நேராகப் பெரிய முறுக்குப் பிட்டைச் செலுத்தினால் அது கோணிப்போன பழைய துளையின் வழியே போய்விடும். அதனால் வாய்ப்பகுதியில் சில சென்டிமீட்டரை உளியால் உட்புறம் கடைந்து வட்டமாக்கி, பிறகே முழு அளவுப் பிட்டை உள்ளே விடுகிறார்கள்.