ஆகாயத்தில் ஒரு வழித்துணை

ஊருக்குப் புதியவன் வழி தவறினால் பெட்டிக்கடையில் கேட்டுக் கொள்ளலாம். கடலில் போகிறவனுக்குக் கலங்கரை விளக்கம் இருக்கிறது. எட்டாயிரம் அடி உயரத்தில், துணியாலான ஓர் இறக்கையில் தொங்கிக் கொண்டு போகிறவன், மேகம் வந்து மறைத்துவிட்டால் யாரைக் கேட்பான்?

இமாசலப் பிரதேசத்தின் காங்கரா மாவட்டத்திலுள்ள பீர் கிராமத்தில், அக்டோபர், நவம்பர் மாதங்களில் வந்து கூடும் 'பாராகிளைடர்' பிரியர்களுக்கெல்லாம் இந்தக் கவலை உண்டு. ஊருக்கு மேலே பில்லிங் என்ற மலைச் சரிவு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரம். பாராசூட் போன்ற இறக்கையை விரித்து அங்கிருந்து நாலடி ஓடினால், காற்று தூக்கிக் கொள்கிறது. எஞ்சின் கிடையாது. வெயிலில் காய்ந்த சரிவிலிருந்து எழும் வெப்பக் காற்றில் பருந்தைப் போல் வட்டமிட்டு உயர வேண்டும். பிறகு சறுக்கிக் கொண்டே அடுத்த வெப்பக் காற்றைத் தேடிப் போக வேண்டும். 2015ஆம் ஆண்டில் உலகக் கோப்பைப் போட்டியே இங்கு நடந்தது.

வடக்கே தவுலாதார் மலைத்தொடர் சுவர் போல நிற்கிறது. அதை ஒட்டி மேற்கே பறந்தால், நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டரில் தர்மசாலா. இப்படி ஊர் விட்டு ஊர் பறக்கிறவர்கள் கைக்கு அடக்கமான ஜி.பி.எஸ். கருவியை வழித்துணையாகக் கொண்டு போகிறார்கள். வாங்குவது சுலபம், பழகுவதில்தான் விஷயம் இருக்கிறது.

கேட்கும், பேசாது

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் செயற்கைக் கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக் கொண்டிருக்கிறது. அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று என்பதைக் கொண்டு, கருவி தான் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. உயரமும் தெரிய வேண்டுமானால் நான்கு கோள்களாவது வேண்டும். ராணுவத்துக்காகப் பிறந்த ஏற்பாடு இது. பொதுஜனங்களுக்குக் கிடைத்த குறிப்பில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். அது 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்ட பிறகுதான், நூறு மீட்டர் வரை இருந்த தவறு சில மீட்டர்களாகக் குறைந்தது.

புதியவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சாதாரண ஜி.பி.எஸ். கருவி கேட்க மட்டுமே தெரிந்தது. "நீ இங்கே இருக்கிறாய்" என்று உங்களிடம் சொல்லும். கீழே காத்திருக்கும் நண்பனிடம் சொல்லாது. அதை வயர்லெஸ்ஸிலோ கைப்பேசியிலோ நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முதல் பாடம் தரையில்

பறப்பதற்கு முன் கருவியோடு நடந்து பழகுங்கள் என்கிறார்கள் அனுபவஸ்தர்கள். திசைகாட்டி இல்லாத கருவியை வைத்துக் கொண்டு சும்மா நின்றால், அம்புக்குறி பித்துப் பிடித்தது போல் சுழலும். நகர்ந்தால்தான் அதற்குத் திசை தெரியும். ஒரு மரத்தடியைக் குறித்து வைத்து, தெரு சுற்றிவிட்டு, அம்பைப் பார்த்தே திரும்பி வர வேண்டும். குளிருக்குக் கையுறை அணிந்த விரலால் பொத்தானை அழுத்தவும் பழக வேண்டும். பில்லிங்கில் ஓடத் தொடங்குமுன், இறங்க வேண்டிய மைதானத்தைக் குறித்துக் கொள்வது முதல் காரியம்.

வேகக் கணக்கு

கருவி காட்டுவது தரையைக் கடக்கும் வேகம். பாராகிளைடர் காற்றில் மணிக்குச் சுமார் 38 கிலோமீட்டர் போகிறது. எதிர்க்காற்று 19 கிலோமீட்டர் என்றால் கருவியும் 19தான் காட்டும். இதில் பெரிய அனுகூலம் உண்டு. அமைதியான காற்றில் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து 8 கிலோமீட்டர் போகக்கூடிய இறக்கை, இந்தக் காற்றில் 4 கிலோமீட்டர்தான் போகும். எண்ணைப் பார்த்தவன் முன்கூட்டியே வேறு மைதானம் தேடுவான். பாராதவன் மரக்கிளையில் இறங்குவான்.

மேகத்துக்குள் சிக்கினால் உடம்பே பொய் சொல்லும். நேராகப் போகிறோம் என்று நினைத்துக் கொண்டே வட்டமடிப்பான். அப்போது கருவியின் திசை எண் உண்மையைக் காட்டும்: வடக்கே மலை, தெற்கே பள்ளத்தாக்கு, தெற்கே திரும்பு! ஆனால் மேகத்தை நெருங்காமல் விலகுவதே புத்திசாலித்தனம்.

அம்புக்குறியை அப்படியே நம்பவும் கூடாது. அது நேர்கோடு ஒன்றையே அறியும். நடுவில் வெப்பக் காற்றே இல்லாத ஆழமான பள்ளம் கிடப்பதும், மின்சாரக் கம்பி ஓடுவதும் அதற்குத் தெரியாது. தேர்ந்தவர்கள் மலை முகட்டை ஒட்டி வளைந்தே போகிறார்கள்.

ஒரு புள்ளி செய்யும் வேலை

வழி தப்பி மலைச் சரிவில் இறங்கியவன் தன் இடத்தைச் சொல்லும்போதுதான் உயிரே ஊசலாடுகிறது. கருவியில் '32 பாகை 3.50 நிமிடம்' என்றிருப்பதை, '3 நிமிடம் 50 விநாடி' என்று சொல்லிவிட்டால் 600 மீட்டருக்கு மேல் தவறு. மலையில் அது பள்ளத்தாக்கின் எதிர்க்கரையாக இருக்கலாம். தேடி வருகிறவர்கள் அங்கே இறங்கி ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

பழைய இந்திய வரைபடத்தை ஒப்பிட்டாலும் எச்சரிக்கை தேவை. அந்த அளவைக்கு 1802ல் நம் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்ப்டன் அடிக்கோடு போட்டார். பின்னர் எவரெஸ்ட் வகுத்த கணக்கில் படங்கள் எழுந்தன. ஜி.பி.எஸ். வேறு கணக்கைப் பின்பற்றுவதால், காங்கராப் பகுதியில் இரண்டுக்கும் நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வருகிறது. கருவியில் எந்தக் கணக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்பதை முன்பே பார்த்துக் கொள்ள வேண்டும்.

இப்போது கைப்பேசியே இந்த வேலைகளில் பலவற்றைச் செய்கிறது. குளிரில் மின்கலம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், மாற்று மின்கலமும் மடித்த வரைபடமும் பையில் இருக்கட்டும். வரைபடம், வழி, வேகம் எல்லாம் கருவி சொல்லும். "இன்று காற்று சரியில்லை, ஏற வேண்டாம்" என்பதை மட்டும் நாமே சொல்லிக் கொள்ள வேண்டியிருக்கிறது!