நேட்டோ கணக்கு: சதவீதம் ஏறியது, சரக்கு?

நேட்டோவில் பாதுகாப்புச் செலவு என்றாலே பேச்சு சதவீதத்தில் தொடங்கி சதவீதத்திலேயே முடியும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தைப் பத்தாண்டுக்குள் எட்டுவது என்பது 2014 வேல்ஸ் மாநாட்டின் இலக்கு. அப்போது அதைத் தொட்டிருந்தவை 3 நாடுகள்: அமெரிக்கா, பிரிட்டன், கிரீஸ். 2024இல் 32 உறுப்பு நாடுகளில் 23 எட்டிவிடும் என்று நேட்டோ மதிப்பிட்டது. அந்த மதிப்பீட்டில் போலந்துக்கு 4 சதவீதத்துக்கு மேல்; ஸ்பெயினுக்கு 1.3 சதவீதம்கூட இல்லை. அந்த ஆண்டின் மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவுடையது.

இது பணக் கணக்கு. சரக்குக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 155 மி.மீ. பீரங்கிக் குண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

தேவை: மாதம் சராசரியாக 1,10,000 குண்டு சுடுகிறோம், 2,50,000 வேண்டும் என்று 2023 மார்ச்சில் உக்ரைன் பாதுகாப்பு அமைச்சர் ரெஸ்னிகோவ் ஐரோப்பிய அமைச்சர்களுக்கு எழுதினார்.

உற்பத்தி: உக்ரைன் மீது ரஷ்யா தொடுத்த போருக்கு முன் அமெரிக்கா தயாரித்தது மாதம் சுமார் 14,000. உக்ரைனுக்கு அது 4 நாளைக்குக் காணாது.

வாக்கு: 12 மாதத்தில் 10 லட்சம் குண்டு தருவதாக ஐரோப்பிய ஒன்றியம் அதே மார்ச்சில் சொன்னது. கெடு முடிந்தபோது தேறியது ஏறக்குறைய பாதி.

காத்திருப்பு: பெரிய குண்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தால் 12 மாதத்தில் வந்தது, 28 மாதமாகிவிட்டது என்றார் நேட்டோ தலைமைச் செயலர் ஸ்டோல்டன்பர்க் (பிப்ரவரி 2023).

விலை: குண்டு ஒன்று 2,000 யூரோவிலிருந்து 8,000 யூரோ ஆனதாக நேட்டோ ராணுவக் குழுத் தலைவர் அட்மிரல் ராப் பவர் சொன்னார் (அக்டோபர் 2023).

பெருக்கிப் பார்த்தால் விஷயம் விளங்கும். 100 கோடி யூரோவுக்கு முன்பு 5 லட்சம் குண்டு. புதிய விலையில் 1.25 லட்சம். ஒதுக்கீட்டை நான்கு மடங்காக்கினால்தான் பழைய எண்ணிக்கையே கிடைக்கும். ஏட்டில் சதவீதம் ஏறும்; கிடங்கு அப்படியே இருக்கும்.

காரணம் ஆலையில் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஸ்கிரான்டனில் இரும்புத் துண்டைப் பழுக்கக் காய்ச்சி அழுத்திக் கூடு செய்கிறார்கள். அந்தக் கூடு அயோவா போய்த்தான் வெடிமருந்து நிரம்பும். அந்த வெடிமருந்தான டிஎன்டியின் தயாரிப்பை அமெரிக்கா 1980களிலேயே நிறுத்திவிட்டது. பெரிதும் போலந்தை நம்பியிருந்தது. கென்டக்கியில் 43.5 கோடி டாலருக்குப் புதிய டிஎன்டி ஆலைக்கு ஒப்பந்தம் போட்டது 2024 நவம்பரில்தான். பல ஆண்டுக்கு ஆர்டர் உறுதி இல்லாமல் எந்த ஆலையும் புது இயந்திரம் போடாது. அரசுகளோ ஆண்டு பட்ஜெட்டை வைத்தே பேரம் பேசிவந்தன.

2025 ஜூனில் ஹேக் மாநாடு இலக்கை 5 சதவீதமாக்கியது: 2035க்குள் ராணுவத்துக்கு 3.5, சாலை, பாலம், இணையப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு 1.5. மறுஆய்வு 2029இல். அன்று சதவீதப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்தி வேண்டும்: மாதம் எத்தனை குண்டு, ஆர்டர் போட்டு எத்தனை மாதம்.