பற்றரிகள் சந்திக்கும் செப்புப் பட்டை

2022 மார்ச் 31ஆம் திகதி நாடு முழுவதும் 13 மணித்தியால மின்வெட்டு. 120 மெகாவாட் சமனலவெவ நீர்மின் நிலையம் இரத்தினபுரி மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. என்றாலும் பலாங்கொடை, இறக்குவானை லயங்களிலும் மெழுகுதிரிதான். பிறகு 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் குரங்கொன்று புகுந்ததில் இலங்கை முழுவதும் இருண்டது. இதையெல்லாம் பார்த்த பிறகு தோட்டத்துக் கடைக்காரர் ஒருவர் பற்றரியும் இன்வேர்ட்டரும் வாங்க நினைத்தால் யார் குறை சொல்ல முடியும்? தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பொருட்களை வாங்கி முடித்த இடத்திலிருந்து நாம் தொடங்குவோம்.

ஒரு பற்றரி, ஒரு இன்வேர்ட்டர் என்றால் இரண்டு வயர்களோடு வேலை முடிந்துவிடும். கடையில் குளிர்சாதனப் பெட்டி இரண்டாகி, பக்கத்தில் அரைவை மில்லும் வந்துவிட்டால் கதை வேறு. 51.2 வோல்ட், 100 அம்பியர்-மணி லித்தியம் பற்றரிகள் மூன்று, 5 கிலோவாட் இன்வேர்ட்டர்கள் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். இவற்றைச் சமாந்தரமாக இணைக்க வேண்டும்: நேர் முனைகள் எல்லாம் ஓரிடத்தில், மறை முனைகள் எல்லாம் இன்னோரிடத்தில். பக்கத்துக்கு ஐந்து வயர்கள். ஐந்தையும் ஒரே ஆணியில் அடுக்கி முடுக்கினால் மேலே இருப்பது இறுகும், நடுவில் இருப்பது தளரும். அதனால்தான் பஸ்பார்: துளைகள் இட்ட ஒரு தடித்த உலோகப் பட்டை, நேருக்கு ஒன்று, மறைக்கு ஒன்று.

இங்கேதான் எல்லோருக்கும் வரும் அந்த எண்ணம். “51.2 வோல்ட்தானே! தொட்டாலும் ஷாக் அடிக்காது. வீட்டு 230 வோல்ட்டுக்கே மெல்லிய வயர் போதுமென்றால், இதற்கு எதற்கு விரல் தடிப்பில் செம்பு?” வீட்டு வயரிங்கில் கைதேர்ந்தவர்களும் இப்படிக் கேட்பதுண்டு. கேள்வியில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் அது தலைகீழாக நிற்கிறது.

மலையில் பறித்த கொழுந்து மடுவத்துக்கு வர வேண்டும். பெரிய சாக்குகளில் கட்டினால் நாலு பேர் போதும். ஒற்றையடிப் பாதை தாங்கும். அதே கொழுந்தைச் சின்னச் சின்னப் பைகளில் கொடுத்தால் இருபது பேர் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்; பாதை அகலமாக இல்லாவிட்டால் நெரிசல். சாக்கின் அளவுதான் வோல்ட். நடக்கும் ஆட்களின் எண்ணிக்கை அம்பியர். மடுவத்தில் நிறுக்கும் மொத்தக் கொழுந்து வாட். பற்றரிப் பக்கம் வோல்ட் குறைவு என்பதாலேயே அம்பியர் கூட வேண்டியிருக்கிறது. பாதையின் அகலத்தைத் தீர்மானிப்பது ஆட்களின் கூட்டம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 5 கிலோவாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 22 அம்பியர். அதே சுமைக்குப் பற்றரிப் பக்கத்தில், இன்வேர்ட்டரில் வீணாவதையும் பற்றரி 48 வோல்ட்டுக்கு இறங்குவதையும் சேர்த்தால், ஏறத்தாழ 115 அம்பியர். கரண்ட் ஐந்து மடங்கு. சூடோ அதன் வர்க்கமாக ஏறும்: அதே தடிப்பு வயரில் இருபத்தைந்து மடங்குக்கும் மேல். இரண்டு இன்வேர்ட்டர்களும் முழுச் சுமையில் ஓடினால் 230 அம்பியர். பட்டையைத் தெரிவுசெய்ய இந்த எண்தான் வேண்டும்.

ஷாக் அடிக்காது என்பதும் பாதி உண்மைதான். ஒரு ஸ்பானர் கைதவறி இரண்டு பட்டைகளுக்கும் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான அம்பியர் ஒரே கணத்தில் பாயும். ஸ்பானர் பழுக்கக் காய்ந்து ஒட்டிக்கொள்ளலாம். செம்பு உருகித் தெறிக்கலாம். வீட்டு மின்சாரம் செக்கனுக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொட்டு மீள்வதால் அதில் எழும் தீப்பொறி அணைய வாய்ப்புக் கிடைக்கிறது. பற்றரியின் நேரோட்டத்தில் அந்த இடைவெளி கிடையாது; பொறி இழுபட்டு நின்று எரியும். பட்டைகளுக்கு மூடி போடுங்கள். வேலை செய்யும்போது மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள்.

சரி, எந்த உலோகம்? 30 மில்லிமீற்றர் அகலம், 5 மில்லிமீற்றர் தடிப்பு, 30 சென்ரிமீற்றர் நீளம் கொண்ட செப்புப் பட்டையில் 230 அம்பியர் முழு நீளத்துக்கும் ஓடினால் சூடாக வீணாவது 2 வாட்டுக்கும் குறைவு. பித்தளையில் ஏறத்தாழ 7 வாட். துருப்பிடிக்காத உருக்கில் 75 வாட்டைத் தாண்டும். மூடிய பெட்டிக்குள் இருக்கும் செம்புக்கு ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 2 அம்பியர் வரை என்று கணக்கிடுவது பாதுகாப்பான கைக்கணக்கு. மேலே சொன்ன பட்டை 150 சதுர மில்லிமீற்றர், ஆகவே 300 அம்பியர். விற்கும் பட்டையின் மேல் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நான் நம்ப மாட்டேன். வெள்ளீயம் பூசியதென்றால் ஓரத்தை அரத்தால் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள்: உள்ளே சிவப்பென்றால் செம்பு, மஞ்சளென்றால் பித்தளை.

பட்டை நல்லதாக இருந்தும் சூடேறுகிறதென்றால், காரணம் அநேகமாக ஆணி. ஓர் இணைப்பில் ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே, 230 அம்பியரில் 53 வாட் அந்த ஒற்றைப் புள்ளியில் இறங்கும். 25 வாட் சோல்டரிங் அயனே ஈயத்தை உருக்கிவிடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வொஷரிலிருந்து. வயரின் முனையில் இருக்கும் துளையிட்ட உலோகத் துண்டு, அதாவது லக், நேராகப் பட்டையின் மேல் படிய வேண்டும். வொஷர் அதற்கு மேலே. லக்குக்கும் பட்டைக்கும் நடுவில் உருக்கு வொஷரைப் போட்டால், அகலமான பாதையின் நடுவே நாமே படலை வைத்த மாதிரி.

எதை எங்கே பொருத்துவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. பற்றரிகள் மூன்றும் பட்டையின் ஒரு முனையில், இன்வேர்ட்டர்கள் மறுமுனையில் என்றால் 230 அம்பியர் முழுவதும் நடுப்பகுதி வழியே போகும். பற்றரி, இன்வேர்ட்டர், பற்றரி, இன்வேர்ட்டர், பற்றரி என்று மாற்றி மாற்றி வைத்தால் எந்த இடத்திலும் அவ்வளவு சேராது. பற்றரி வயர்கள் மூன்றும் ஒரே தடிப்பு, ஒரே நீளம். கிட்ட இருப்பதற்குக் குட்டை வயர் போட்டால் அந்தப் பற்றரியே கூடுதலாக உழைத்து முதலில் கிழடாகும்.

பட்டை எதையும் தடுத்து நிறுத்தாது. ஒரு பற்றரி உள்ளே பழுதானால் மற்ற இரண்டும் பட்டை வழியே அதற்குள் கொட்டும். ஆகவே ஒவ்வொரு பற்றரிக்கும் தனி பியூஸ், நேர் முனைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். அது நேரோட்டத்துக்கென்று செய்த, ஆயிரக்கணக்கான அம்பியரை அறுக்கக்கூடிய வகையாக இருக்க வேண்டும். கிளாஸ் T (Class T) என்று கேட்டு வாங்கலாம். வீட்டு டிஸ்ரிபியூஷன் பெட்டியில் இருக்கும் சாதாரண பிரேக்கர் இந்த வேலைக்கு ஆகாது. பற்றரிகளை முதன்முதலில் சேர்க்கும்போது மூன்றையும் தனித்தனியே முழுதாகச் சார்ஜ் பண்ணி, வோல்ட் சமமா என்று மீற்றரில் பார்த்த பிறகே சேருங்கள்.

கடைசியாக, நமது ஊருக்கே உரிய ஒன்று. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை. அந்த ஈரத்தில் வெறும் செம்பு கறுத்துப்போகும், ஆகவே வெள்ளீயம் பூசியதே நல்லது. தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கம் இறப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அசிட் பல வீடுகளின் பின்னறையில் இருக்கும். அதன் ஆவி செம்பை அரிக்கும். பற்றரிப் பெட்டிக்கு இடம் தேடுபவர்கள் அநேகமாக அதே பின்னறையைத்தான் காட்டுவார்கள். அந்த அசிட் கலனை இறப்பர் ஷீட் கொட்டிலுக்கு மாற்றச் சொல்லுங்கள்.